கட்டையும் கமகமும்

ஒரு பாடகரைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை கட்டைச் சுருதி?" என்று கேட்பது தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வழக்கம். ஒருவர் ஒரு கட்டை என்பார். இன்னொருவர் இரண்டரை என்பார். பெண்கள் ஐந்து, ஐந்தரை என்பர். இந்தக் கட்டை எது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஆர்மோனியப் பெட்டியின்மேல் வரிசையாக இருக்கும் கட்டைதான் அது. வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணப்படும். அவற்றினிடையே நிற்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை எனப்படும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இல்லையாதலால் மூன்றரைக் கட்டை என்று ஒரு சுருதியே கிடையாது. ஆர்மோனியம் நமது இசைக்கு ஆகாது என்று வாதாடிய வித்துவான்களுங்கூடத் தங்கள் குரலை அந்தப் பெட்டியைக் கொண்டே அளந்தார்கள் என்பது வேடிக்கைதான்.

அந்தக் கட்டைகள் இன்று புதுப்புது உருவங்களில் வருகின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில் இசைக்கருவி வணிகர்கள் கூடும் பெருங்காட்சியில், சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவிகளும் அவற்றைத் தாங்கும் ஸ்டாண்டுகளும் மண்டபம் மண்டபமாகப் பரப்பி வைக்கப்படுகின்றன. அக்காட்சிக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். உறவு உண்டு. கட்டைக் கருவி ஒன்றை நம்பி ஓர் அரங்கக் கலையே வாழ்ந்த ஊர்களுள் காங்கேசன்துறை முதன்மையானது.

ஆர்மோனியம் ஐரோப்பாவிலிருந்து வந்த பொருள். பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் டெபேன் 1842ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். அங்கே அது காலால் மிதித்து வாசிக்கும் பெரிய பெட்டி. கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் என்பவர் 1875ஆம் ஆண்டளவில் அதைச் சிறிதாக்கித் துருத்தியைப் பின்புறத்தில் வைத்தார். பாயில் அமர்ந்து, ஒரு கையால் துருத்தியை அசைத்து, மறு கையால் வாசிக்கலாமென்று ஆயிற்று. அவ்வாறு அது நம் நாட்டுப் பெட்டியாகிவிட்டது.

சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்தில் தமிழ் நாடக மேடை முழுவதும் பாட்டாகவே இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத திறந்தவெளியில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, நாலரை, ஐந்து கட்டைகளில் நடிகர்கள் பாடினர். தம்புராவின் மெல்லிய ஒலி அங்கே எடுபடாது. ஆர்மோனியம் எடுபட்டது. கிட்டப்பாவின் குரலுக்கு அவருடைய தமையனார் காசி ஐயரின் ஆர்மோனியம் எத்துணைப் பக்கபலமாக நின்றது என்பதைப் பழைய இரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்ததுண்டு.

அந்த நாடக மரபு பாக்குநீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது. அதன் ஈழத்துச் சிகரம் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து. 1924ஆம் ஆண்டில் பிறந்த அவர், வசந்த கான சபாவை நிறுவி, ஊர் ஊராக இசை நாடகங்களை மேடையேற்றினார். மயான காண்டத்தில் அவர் ஏற்ற அரிச்சந்திரன் வேடம் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு இரண்டாம் இயற்கை போலாயிற்று. கதை எல்லாருக்கும் தெரியும், முடிவும் தெரியும். ஆயினும் விடியும்வரை சனம் அசையாதிருந்து பாட்டைக் கேட்டது.

அத்தகைய மேடையில் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். ஓரத்திலிருந்தபடியே பிற்பாட்டுப் பாடுவார். நடிகர் ஓர் அடியை முடித்து மூச்சு வாங்கும்போது அந்த இடைவெளியை நிரப்புவார். களைத்த குரல் சுருதியிலிருந்து வழுவப் பார்த்தால், உரிய கட்டையைச் சற்று அழுத்திப் பிடித்து அதை நிமிர்த்துவார். இது சபையோருக்குத் தெரியாது, நடிகருக்குத் தெரியும்.

இத்தகைய கருவிக்குத்தான் அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதலாந் திகதியிலிருந்து தடை விதித்தது. கவி தாகூரும் அக்கருவியை வெறுத்தவர். தடைக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆர்மோனியத்தின் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும் ஒரு பித்தளை நாக்கு இருக்கின்றது. அது தனக்கென்று வைத்த ஒரே சுரத்தையே பேசும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல அதனால் இயலாது. தோடி இராகத்துக் காந்தாரம் அசைந்தால்தான் தோடி. கட்டையிலே அது நின்றுவிடுகின்றது. அன்றியும், பன்னிரண்டு கட்டைகளையும் சமதூரத்தில் அமைத்தபடியால், அந்தர காந்தாரம் இயற்கையான இடத்தைவிட ஏறத்தாழ அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு உயர்ந்து ஒலிக்கின்றது. கூர்மையான செவி இதைப் பொறுக்காது. தடை 1971ஆம் ஆண்டிலேதான் தளர்ந்தது.

குற்றச்சாட்டு உண்மை, தீர்ப்புத்தான் கடுமை. வீணைக்குரிய வேலையை ஆர்மோனியத்திடம் எதிர்பார்த்தால் அது தோற்கத்தான் செய்யும். மேடையில் கமகத்தைக் குரலே பார்த்துக்கொண்டது. விரைந்தோடும் பிருகாக்களையும் நிலையான சுருதியையும் பெட்டி பார்த்துக்கொண்டது. இந்தப் பங்கீட்டை நாடகக்காரர் கண்டனர். வானொலி நிலையத்தார் காணவில்லை.

இனி, அசையாத கட்டையை அசைக்க மேலைநாட்டார் செய்த முயற்சியைப் பார்க்கலாம். 1970இல் வெளிவந்த மினிமூக் என்னும் சின்தசைசரில், கட்டைகளின் இடப்புறத்தில் ஒரு சிறு சக்கரம் வைத்தனர். வலக்கை வாசிக்க, இடக்கை சக்கரத்தை உருட்டினால் சுரம் வளையும். ஆர்மோனியத்தில் துருத்திக்கு அடிமையாயிருந்த இடக்கைக்கு இப்படிப் புது உத்தியோகம் கிடைத்தது. சென்னையில் சத்யநாராயணன் போன்ற கலைஞர்கள் விசைப்பலகையிலே கர்நாடக இசைக் கச்சேரி செய்ய முடிந்ததற்குச் சுரத்தை வளைக்கும் இத்தகைய வசதியே துணை.

1983ஆம் ஆண்டு சனவரியில் நடந்த அமெரிக்க வணிகக் காட்சியில் டேவ் ஸ்மித்தின் நிறுவனத்துக் கருவி ஒன்றையும், சப்பானியராகிய காக்கேஹாஷியின் நிறுவனத்துக் கருவி ஒன்றையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினர். ஒன்றை வாசித்தால் மற்றொன்றும் ஒலித்தது. மிடி எனப்படும் அந்தப் பொது ஏற்பாட்டில் சுரத்தை வளைப்பதற்கு 16,384 படிகள் உண்டு. படிகள் ஏராளம், ஆனால் ஒரு வழியில் செல்லும் சுரங்கள் யாவும் சேர்ந்தே வளையும். பிடித்து நிற்கும் சட்சத்தை விட்டுவிட்டுக் காந்தாரத்தை மட்டும் அசைக்க அதில் இடமில்லை. ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வழி கொடுக்கும் முறை 2018இலேதான் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டின் முடிவில் ஒஸ்மோஸ் என்னும் பிரெஞ்சுக் கருவி அறிவிக்கப்பட்டது. அதில் சக்கரம் வேண்டியதில்லை. விரலால் கட்டையையே பக்கவாட்டில் அசைத்தால் அந்தச் சுரம் மட்டும் அசையும். வீணையிலே தந்தியை இழுப்பதற்கு இது சற்றே அண்மையில் வருகின்றது.

ஸ்டாண்டு இங்கேதான் முக்கியமாகின்றது. கத்தரிக்கோல் போல் குறுக்காக விரியும் ஸ்டாண்டு மலிவானது. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போகலாம். கட்டையைப் பக்கவாட்டில் அசைத்து வாசிப்பவனுக்கு அது உதவாது. கமகத்தோடு பெட்டியும் சேர்ந்து ஆடும்! மேசை போல் நான்கு காலூன்றி நிற்கும் ஸ்டாண்டே அவனுக்குத் தகும். மணல் தரையில் பலகை அடுக்கிப் போட்ட கோயில் வீதி மேடைக்கு இது இன்னும் பொருந்தும். இன்னொன்று: ஸ்டாண்டின் முன் எழுந்து நிற்பவர் நடிகரை நேரே பார்க்க முடியும். ஆனால் சபையோரும் அவரைப் பார்ப்பர். ஓரத்தில் மறைந்திருந்து குரலைத் தாங்கியவர் காட்சிப் பொருளாகிவிடுவது நாடகத்துக்கு நன்மையா என்பது ஐயமே.

வைரமுத்து 1989ஆம் ஆண்டில் காலமானார். மறு ஆண்டில் போரினால் காங்கேசன்துறை மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர், புகைவண்டியும் நின்றது. 2015இல் வண்டி திரும்பவும் காங்கேசன்துறை நிலையத்துக்கு வந்தது. மேடைகள் பல அழிந்தபோதும் இசை நாடகம் யாழ்ப்பாணத்தில் அற்றுப் போகவில்லை. ஆர்மோனியத்தோடு மின் விசைப்பலகையும் இன்று மேடையேறுகின்றது.

அதில் ஒரு பொத்தான் இருக்கின்றது. அதை அழுத்தினால் பெட்டி முழுவதும் அரைக்கட்டை இறங்கும்; விரல்கள் பழகிய இடத்திலேயே ஓடலாம். நான்கு இரவுகள் தொடர்ந்து பாடித் தொண்டை கட்டிய நடிகருக்கு ஐந்தாம் இரவில் அது பேருதவி. பழைய ஆர்மோனியக்காரருக்கு அந்தப் பொத்தான் இல்லை. நடிகர் உள்ளிருந்து கைகாட்டியதும், பாட்டு முழுவதையும் வேறு கட்டைகளுக்கு மாற்றி, விரல் தடுமாறாமல் அவர் வாசித்துக்கொண்டு போனார். முன்வரிசையில் இருந்தவருக்குக்கூட அது தெரிந்ததில்லை.