மழையில் மரத்துப்போகும் விரல்கள்



உத்தராகண்டின் இமயமலைப் பகுதியில் காங்ரியா என்று ஒரு சிற்றூர். உயரம் ஏறத்தாழ 3,000 மீட்டர். மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்களும், ஹேம்குண்ட் சாகிப் குருத்வாராவுக்கு ஏறுகிற யாத்ரிகர்களும் இரவு தங்குவது அங்கேதான். பள்ளத்தாக்கு ஜூன் தொடக்கத்தில் திறக்கும், அக்டோபர் கடைசியில் மூடும். ஆனால் பூக்கள் மண்டிக் கிடப்பது ஜூலை, ஆகஸ்டில். பருவமழை கொட்டுகிற மாதங்களும் அவைதான். பூவும் பார்க்க வேண்டும், நனையவும் கூடாது என்றால் அங்கே நடக்காது.

பள்ளத்தாக்குக்குள் இரவு தங்க அனுமதி இல்லை. காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். அதனால் மழை பிடித்துக்கொண்டாலும் நடை நிற்பதில்லை. சமவெளியிலிருந்து போன ஒருவரை அந்தப் பாதையில் நிறுத்திப் பார்க்கலாம். நல்ல ரெயின்கோட், தண்ணீர் புகாத ஷூ, முதுகுப் பைக்கு மேல் ஓர் உறை. கைகளுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் நடந்தபின் பசிக்கிறது. பையைக் கழற்றுவதற்காக நெஞ்சுப் பட்டையின் பக்கிளைப் பிடிக்கிறார். இரண்டு ஓரங்களையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் சாதாரண பிளாஸ்டிக் பக்கிள்தான். விரல்கள் அதன்மேல் போய் உட்காருகின்றன. அழுத்தம் மட்டும் வரவில்லை. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் நெருக்கி, எப்படியோ திறக்கிறார். பிஸ்கட் பொட்டலத்தைப் பல்லால் கிழிக்கிறார். கம்பளிச் சட்டையை எடுத்துப் போடலாம் என்றால், ஜிப்பின் நுனி பிடிபடவில்லை.

சாப்பாடு பைக்குள் இருக்கிறது, சட்டையும் இருக்கிறது. எடுக்கத்தான் முடியவில்லை.

தமிழ்நாட்டு மழையில் கை நனைவது ஒரு பொருட்டே இல்லை. வயலில் வேலை செய்கிறவர் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டால் தலையும் முதுகும் தப்பும். கைகள் சேற்றிலும் தண்ணீரிலும் தம் பாட்டுக்கு வேலை செய்யும். காற்றின் வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்கிறவரை அது சரி. ஆனால் உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பம் சராசரியாக ஆறு, ஆறரை டிகிரி குறைகிறது. 3,500 மீட்டர் ஏறியவருக்கு அந்தக் கணக்கில் 20 டிகிரிக்கு மேல் பறிபோய்விடுகிறது. அங்கே பெய்வது வேறு மழை.

அந்த மழையில் கையின் சூடு இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று, தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். புதிய குளிர்ந்த துளி விழ விழ, அது கொஞ்சம் சூட்டை வாங்கிக்கொண்டு வழிந்துவிடும். இன்னொன்று, மண்பானை செய்கிற வேலை. ஒரு கிராம் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி கூட்ட ஒரு கலோரி போதும். அதே ஒரு கிராம் தோலின்மேல் இருந்து ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வேண்டும். பானையின் மேற்பரப்பில் கசிகிற நீர் காற்றில் ஆவியாகி, உள்ளே இருப்பதைக் குளிரவைக்கிறது. நனைந்த கையுறைமேல் காற்று வீசினால் நடப்பதும் அதுதான். பானைக்குள் தண்ணீருக்குப் பதிலாக விரல்கள்.

உடம்பும் தன் பங்குக்கு விரல்களைக் கைவிடுகிறது. நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்றுவதற்காக, கைக்கு ஓடும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. தோலின் வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது நுண்ணிய வேலைகள் தடுமாற ஆரம்பிக்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் வழியாகத்தான் விரல்களை இழுக்கின்றன. முன்னங்கை ஈரத்தில் விறைத்திருந்தால், விரலுக்கு எவ்வளவு உயர்ந்த உறை போட்டாலும் பிடி தளரும். பழைய கம்பளி சாக்ஸின் பாதத்தை வெட்டிவிட்டு, கட்டைவிரலுக்கு ஒரு துளை போட்டு மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிற மலைநடைக்காரர்கள் இதை அனுபவத்தில் தெரிந்துகொண்டவர்கள்.

ஈரத்தையும் காற்றையும் அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. 1964 மார்ச் 14, 15 தேதிகளில் டெர்பிஷயர் மாவட்டத்து மேட்டு நிலங்களில் சாரணர் இளைஞர்களுக்கு ‘ஃபோர் இன்ஸ்’ என்ற நீண்ட நடைப் போட்டி நடந்தது. வழியில் வருகிற நான்கு விடுதிகளால் வந்த பெயர். மழையும் காற்றும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. மூன்று இளைஞர்கள் குளிரால் உயிரிழந்தார்கள். அதை ஆராய்ந்தவர் கிரிஃபித் பியூ. 1953-ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட குழுவோடு போன உடலியல் அறிஞர். நனைந்த துணி காற்றில் தன் காப்பின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. நல்ல துணி போட்டிருப்பது மட்டும் போதாது, அதன்மேல் காற்றும் தண்ணீரும் புகாத ஓர் அடுக்கு வேண்டும் என்பது மலைநடை உலகத்தில் அழுத்தமாகப் பதிந்தது அதற்குப் பிறகுதான்.

கடலில் போனவர்களுக்கு இது முன்பே ஓரளவு தெரிந்திருந்தது. ஐஸ்லாந்து மீனவர்கள் தடித்த கம்பளியில் பின்னிய உறைகளைப் போட்டுக்கொண்டு துடுப்பு வலித்தார்கள். அதில் நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே அறை, கட்டைவிரலுக்குத் தனி அறை. இதைத்தான் மிட்டன் என்கிறார்கள். ஐஸ்லாந்து மிட்டனில் ஒரு விசேஷம்: கட்டைவிரல் அறைகள் இரண்டு இருக்கும். உள்ளங்கைப் பக்கம் தேய்ந்துவிட்டால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலைப்பகுதியில் கம்பளி மிட்டனைப் பெரிதாகப் பின்னி, சுடுநீரில் இட்டுச் சுருக்கி, கெட்டியாக்கினார்கள். பிரிட்டன் மலையேறிகளின் கையில் அது பல காலம் இருந்தது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்வாங்கினாலும் தொட்டால் நசநசக்காது. குறை என்னவென்றால், முழுக்க நனைந்தால் பாரம். காய ஒரு பொழுது போதாது.

அடுத்த திருப்பம் அமெரிக்காவில், 1969-ல். பாப் கோர் என்பவர் டெஃப்லான் குச்சியைச் சூடாக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இழுத்த போதெல்லாம் ஒடிந்தது. அலுத்துப்போய் வெடுக்கென்று இழுத்தார். ஒடியாமல் பல மடங்கு நீண்டது. அப்படி நீண்ட பொருளுக்குள் பெரும்பகுதி காற்று. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். மழைத்துளி நுழைய முடியாத, வியர்வை ஆவி மட்டும் வெளியேறுகிற அந்தச் சவ்வுதான் கோர்டெக்ஸ். இன்று இதே வகைச் சவ்வைப் பல நிறுவனங்கள் செய்கின்றன.

சட்டைக்கு நன்றாக உழைக்கிற அந்தச் சவ்வு கையுறையில் கொஞ்சம் திணறுகிறது. காரணம், தையல். ஐந்து விரல் கையுறையில் ஒவ்வொரு விரலைச் சுற்றியும் தையல் ஓட வேண்டும். ஊசி போன இடமெல்லாம் ஓட்டை. அதனால் பல கையுறைகளில் சவ்வை ஒரு பை மாதிரி செய்து, வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே செருகிவிடுகிறார்கள். தண்ணீர் சவ்வைத் தாண்டாது, உண்மை. ஆனால் வெளித்துணி அதற்கு முன்பே குடித்துவிடும். தெப்பமாக நனைந்த அந்தத் துணி வழியே வியர்வையும் வெளியேறாது. மண்பானைக் கணக்கும் ஆரம்பித்துவிடும். போதாததற்கு, ஈரக் கையைச் சட்டென்று உருவினால் உள்துணி விரலோடு ஒட்டிக்கொண்டு வெளியே பிதுங்கும். கொட்டுகிற மழையில் ஐந்து விரல் துணியையும் மறுபடி அதனதன் இடத்தில் தள்ளி நுழைப்பது பொறுமையைச் சோதிக்கிற வேலை. இத்தனைக்கும் பஞ்சு வைத்த அப்படி ஒரு ஜோடி 150 முதல் 250 கிராம் வரை எடை இருக்கும்.

எடையைக் குறைத்து நடக்கிறவர்கள் இதனால்தான் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். சூட்டுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. உள்ளே மெல்லிய மெரினோ கம்பளியிலோ ஃப்ளீஸ் என்ற செயற்கைத் துணியிலோ செய்த கையுறை. அதன்மேல், பஞ்சோ உள்துணியோ இல்லாத, ஒரே அடுக்கு நீர்புகாத் துணியில் தைத்த மிட்டன் உறை. மிட்டனில் தையல் குறைவு. விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கிக்கொள்ளும். ஒரு ஜோடி உறை 30 முதல் 60 கிராமுக்குள் அடங்கும். மடித்தால் சட்டைப் பையில் போய்விடும். உள்கையுறை நனைந்தால், பையிலிருந்து இன்னொரு உலர்ந்த ஜோடியை எடுத்து அதே உறைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. உறையைத் திருப்பிப் பார்த்தால், தையல்மேல் ஒட்டிய நாடா தெரிய வேண்டும். நாடா இல்லாத உறைகளும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுக்குத் தையல்மீது நாமே நீர்புகாப் பசை பூச வேண்டும். அளவு தாராளமாக இருக்க வேண்டும். கம்பளிக் கையுறையோடு கடைக்குப் போய், அதற்கு மேலேயே போட்டு, முஷ்டி பிடித்துப் பார்க்கலாம். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும். சூட்டைத் தக்கவைக்கிற காற்றடுக்கும் நசுங்கிப்போகும். ஈரக் கையோடும் உறைக்குள் நுழைய முடிகிறதா என்பதும் முக்கியம். ஊன்றுகோல் பிடித்து நடக்கிறவர் உள்ளங்கைத் துணியைத் தடவிப் பார்ப்பது நல்லது. மெல்லிய நைலான் மழையில் வழுக்கும். உராய்வில் முதலில் தேய்வதும் அந்த இடம்தான்.

உறையின் வாய் ரெயின்கோட்டின் கைக்கு உள்ளே போக வேண்டுமா, வெளியே வர வேண்டுமா என்பதில் பலருக்குக் குழப்பம். ஓடு வேய்கிறவருக்கு இந்தச் சந்தேகம் வராது. மேல் ஓடு எப்போதும் கீழ் ஓட்டின்மேல் படிந்திருக்கும். கையைத் தொங்கவிட்டோ, முழங்கையைவிடத் தாழ்வாக ஊன்றுகோலைப் பிடித்தோ நடந்தால், தண்ணீர் தோளிலிருந்து விரலை நோக்கி ஓடும்; ஆகவே ரெயின்கோட்டின் கை மேலே, உறை உள்ளே. பாறையைப் பிடித்து ஏறும்போது கை உயரும், தண்ணீர் திசை மாறும். அப்போது உறையின் வாய் வெளியே வர வேண்டும். நீண்ட வாயும் இழுத்துக் கட்டுகிற கயிறும் உள்ள உறை இரண்டுக்கும் ஒத்துவரும்.

செலவு செய்ய மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறையை ஓர் அளவு பெரிதாக வாங்கி, கம்பளிக் கையுறைமேல் போட்டுக்கொண்டால் ஒரு சொட்டு மழை உள்ளே வராது. வியர்வை வெளியே போகாது என்பது உண்மைதான், கை கசகசக்கும். ஆனால் அந்த ஈரம் ஓடுவதில்லை, காற்றில் ஆவியாவதும் இல்லை. அதனால் வெதுவெதுப்பாகவே கிடக்கும். ஜப்பானின் ஷோவா நிறுவனம் இந்த வகையில் ஒரு படி மேலே போனது. அதன் ‘டெம்ரெஸ்’ கையுறையின் பாலியூரித்தேன் பூச்சு தண்ணீரைத் தடுக்கும், வியர்வை ஆவியை ஓரளவு வெளியே விடும். கை என்பதற்கும் புழுக்கம் என்பதற்கும் உள்ள ஜப்பானியச் சொற்களோடு, இல்லாதது என்ற பொருளில் ஆங்கில ‘லெஸ்’ஸை ஒட்டி வைத்த பெயர் அது. தொழிலாளர்களுக்காகச் செய்த நீலநிறக் கையுறையை மலையேறிகள் விரும்பி வாங்க ஆரம்பித்தார்கள். பிறகு அவர்களுக்காகவே கறுப்பு நிறத்திலும் வந்தது.

மூணாறிலோ வால்பாறையிலோ ஒரு நாள் நடைக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். மெல்லிய ஒரு ஜோடி பையில் கிடந்தால் போதும். மலர்ப் பள்ளத்தாக்குக்கு என்றால் உள்கையுறை இரண்டு ஜோடி, மிட்டன் உறை ஒரு ஜோடி. உலர்ந்த ஜோடி, வாயைக் கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் இருக்கட்டும். மழை தொடங்கும்போதே உறையைப் போட்டுவிட வேண்டும். மரத்துப்போன விரலால் கையுறையை மாட்டுவது பக்கிளைத் திறப்பதைவிடக் கடினம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். உறைக்குள் ஒவ்வொரு விரல் நுனிக்கும் ஒரு துண்டு டிஷ்யூ காகிதம் வைத்து, கையை நுழைத்து, வாளித் தண்ணீரில் மணிக்கட்டுவரை அமிழ்த்தி, ஐந்து நிமிடம் முஷ்டியை மூடித் திறக்க வேண்டும். பிறகு கையை எடுத்து, உறையைக் கழற்றாமல் முதுகுப் பையின் பக்கிளை ஒருமுறை போட்டுத் திறக்க வேண்டும். கடைசியில் உறையைக் கழற்றிக் காகிதத்தைப் பார்க்கலாம். எந்த விரலுக்கு வைத்த துண்டு நனைந்திருக்கிறதோ, பசை பூச வேண்டிய தையலை முதலில் அங்கே தேடலாம்.