பேராதனையா, ஜயவர்தனபுரவா?

(உயர்தர வணிகப் பிரிவில் சித்தியடைந்த மாணவர்களுக்கும் பெற்றோருக்குமான கூட்டத்தில், எமது சங்கத்தின் கல்விக்குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை.)

பிள்ளைகளே, அரைப்பேர் போனாலும் பரவாயில்லை என்று வந்திருக்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, தோழர்களே!

பரீட்சை முடிவுகள் வந்த நாளிலிருந்து சங்கக் காரியாலயத்துக்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "புள்ளைக்கு நல்ல ரிசல்ட் வந்திருக்கு. பேங்க், நிதின்னு அந்தப் பக்கம் போகணுங்குது. பேராதனையை முதல்ல போடுறதா, ஜயவர்தனபுரவைப் போடுறதா?"

சம்பளம் பேசும் சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் கம்பனிக்காரர்கள் கணக்கறிக்கையைத் தூக்கி மேசையில் வைக்கிறார்கள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வந்தபோதும் கட்டுப்படியாகாது என்று சொல்லித்தான் நீதிமன்றம் போனார்கள். அவர்களில் பலர் கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான கம்பனிகள். ஆண்டறிக்கை எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. அதைப் புரட்டி, தேயிலையில் எவ்வளவு, முகாமைக் கட்டணமாக மேலே போனது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆகவே இது எங்கள் வேலையும்தான்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் கெட்டிக்காரத் தம்பி ஒருவர் இதே கேள்வியோடு வந்தார். "கொழும்புப் பக்கம் போனால்தான் முன்னேறலாம்" என்று ஒரே பேச்சில் அனுப்பிவைத்தோம். எங்கே தங்குவார், மாதம் எவ்வளவு வேண்டும் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. விடுதியில் இடம் கிடைக்கவில்லை. போடிங் வாடகைக்காக அம்மா வட்டிக்கு வாங்கினார். இரண்டாம் வருடம் தொடங்குமுன் தம்பி படிப்பை விட்டுவிட்டுக் கடையொன்றில் வேலைக்கு நின்றுவிட்டார். அந்தத் தாயின் முகத்தை இன்றும் எங்களால் நேராகப் பார்க்க முடியவில்லை.

ஆகவே இந்த முறை நிதானமாகப் பேசுவோம்.

ஜயவர்தனபுர பல்கலைக்கழகம் நுகேகொடைக்குப் பக்கத்தில், கங்கொடவிலயில் இருக்கிறது. அங்கே முகாமைத்துவ, வணிக பீடத்துக்குள் நிதிக்கென்றே தனித் துறை உண்டு, தனிப் பட்டம் உண்டு. வங்கிகளின் தலைமையகங்கள், பெரிய கணக்காய்வு நிறுவனங்கள், மத்திய வங்கி, பங்குச் சந்தை எல்லாம் பஸ்ஸில் போய்வரும் தூரம். படிக்கும்போதே பயிற்சிக்குப் போக இது பெரிய வசதி. நிதித் தொழிலுக்கு இரண்டில் எது கிட்ட என்று மட்டும் கேட்டால், எங்கள் பதில் ஜயவர்தனபுரதான்.

ஆனால் கேள்வி அது மட்டுமல்லவே. பேராதனையிலும் முகாமைத்துவ பீடம் இருக்கிறது, நிதியைச் சிறப்பாகப் படிக்கவும் வழியுண்டு. ஹட்டனிலிருந்து கண்டி பஸ் ஏறினால் சில மணி நேரம். வீட்டில் ஒரு வருத்தம் என்றால் அன்றே வந்துவிடலாம். கண்டியிலும் கணக்காய்வு நிறுவனங்கள் உண்டு. பேராதனைக்குப் போனால் நிதித்துறை மூடிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களை நம்பாதீர்கள்.

இன்னொன்று. பீடத்துக்குள் நுழைவது வேறு, நிதிப் பிரிவுக்குள் நுழைவது வேறு. நிதிக்கும் கணக்கியலுக்கும் எங்கேயும் போட்டி அதிகம். எந்தக் கட்டத்தில் பிரிக்கிறார்கள், எந்தப் பெறுபேற்றை வைத்துப் பிரிக்கிறார்கள் என்று இப்போது அங்கே படிக்கும் அக்காமார், அண்ணன்மாரிடம் கேளுங்கள். விரிவுரை ஆங்கிலத்தில். தமிழில் கணக்கீடு படித்த பிள்ளை முதல் வருடத்தில் தடுமாறத்தான் செய்யும். பெறுபேறு வந்து கெம்பஸ் தொடங்கும்வரை கிடைக்கும் மாதங்களைச் சும்மா விடாதீர்கள். ஆங்கிலத்துக்குக் கொடுங்கள்.

பட்டம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். இத்துறையில் பட்டயக் கணக்காளர், சிமா, ஏசிசிஏ போன்ற தொழில்சார் தகைமையையும் பார்க்கிறார்கள். பட்டயக் கணக்காளராக வருவதற்குப் பரீட்சையோடு, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் வருடக்கணக்கில் பயிற்சியும் முடிக்க வேண்டும். பேராதனைக்குப் போகும் பிள்ளை இந்தப் பரீட்சைகளை இரண்டாம் வருடத்திலேயே கையிலெடுத்தால், ஊர்ப் பெயரால் வரும் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இனிப் பணம். மஹாபொல 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆக உயர்த்தப்பட்டது. நல்லதுதான். ஆனால் நுகேகொடைப் பக்கம் போடிங் எடுத்துச் சாப்பிட்டுப் படிக்க அது காணாது. விடுதி எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும், மீதி வருடத்துக்கு என்ன வழி என்று தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு வருடத்துக்கும் எழுதுங்கள். முதல் மாதத்துக்கு மட்டும் கணக்குப் போட்டுத்தான் அந்தத் தம்பியை நாங்கள் இழந்தோம்.

விண்ணப்பத்தைப் பற்றி ஒரு பயம் பரவியிருக்கிறது: "பெரிசை முதல்ல போட்டா, அது கிடைக்காட்டி சின்னதும் போயிடும்." இது பிழை. உங்கள் விருப்ப வரிசையில் மேலிருந்து பார்த்து, இசட் புள்ளி எதற்குப் போதுமோ அதைத் தருவார்கள். உண்மையில் வேண்டியதை முதலில் போடுங்கள். ஆனால் மேலே போட்டது கிடைத்துவிட்டால் கீழே உள்ளதைக் கேட்க முடியாது. அதனால்தான் பணக் கணக்கை விண்ணப்பத்துக்கு முன்பே போடச் சொல்கிறோம்.

அனுமதியில் 40 வீதம் நாடளாவிய தகுதி, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. கொழும்பு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனமுடைந்து போகாமல், மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டில் உங்கள் மாவட்ட வரியைப் பாருங்கள்.

பெண் பிள்ளையைத் தூரம் அனுப்ப யோசிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பயம் நியாயமானது. பதினெட்டு வயதில் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பும்போது இதே பயத்தை விழுங்கிக்கொண்டுதானே அனுப்பினோம்?

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குக் காரியாலயத்தில் எங்கள் குழு உட்கார்ந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலரும் வருகிறார்கள். கையேட்டையும் பெறுபேற்றுத் தாளையும் நான்கு வருடக் கணக்குத் தாளையும் கொண்டு வாருங்கள். விண்ணப்பத்தை அதற்கு முன் அனுப்பிவிடாதீர்கள்.