மாறாத நத்தார் பாட்டு உண்டா?



மார்கழி விடியலில் செட்டிபாளையத்தில் கேட்பது திருவெம்பாவை. பெரும்பாலும் சைவர்கள் வாழும் ஊர் அது. பக்கத்து ஊரான தேற்றாத்தீவில் புனித யூதாததேயு திருத்தலம் இருப்பதால், அதே மாதத்தில் நத்தார் பாட்டும் காதில் விழும். மட்டக்களப்பில் அது அடைமழைக் காலம். குடைக்குள் ஒதுங்கி நின்றுகொண்டு வெண்பனியைப் பாடுகிற கூட்டத்தைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

“பழைய பாட்டையெல்லாம் கெடுத்துப்போட்டாங்க” என்று மூத்தவர்கள் குறைப்படுவதுண்டு. எது பழைய பாட்டு?

1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் ஒரு மெதடிஸ்த மிஷனரி. அந்தச் சபையாரின் பெருங்கவி சார்ள்ஸ் வெஸ்லி. ‘ஹார்க் த ஹெரல்ட் ஏஞ்சல்ஸ்’ என்று உலகமே பாடுகிற பாட்டை 1739இல் எழுதியவர் அவர்தான். ஆனால் அந்த முதலடி அவருடையதல்ல; ஜோர்ஜ் வைற்ஃபீல்ட் 1753இல் மாற்றி வைத்தது. மெட்டின் கதை இன்னும் வேடிக்கை. அச்சுக்கலையின் தந்தை குட்டன்பேர்க்கைக் கொண்டாட 1840இல் மெண்டல்சோன் போட்ட மெட்டு அது. பக்திப் பாட்டுக்கு அது சரிவராது என்றே அவர் நினைத்தார். அவர் கண்மூடிய பிறகு, 1855இல், கம்மிங்ஸ் என்ற ஓகன் வாசிப்பாளர் இந்தச் சொல்லையும் அந்த மெட்டையும் சேர்த்துவிட்டார்.

தமிழிலும் இதே கதைதான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேமையே குறவஞ்சிக்குள் கொண்டுவந்தார். கர்நாடக ராகத்தில் அவர் கட்டிய கீர்த்தனைகள் கடல் தாண்டி நம்முடைய கோயில்களுக்கும் வந்தன. கத்தோலிக்கத் திருப்பலியில் இலத்தீனுக்குப் பதில் தாய்மொழி கேட்கத் தொடங்கியது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963ஆம் ஆண்டு ஏட்டுக்குப் பிறகுதான்.

அதனால் கீபோட் வந்ததையோ, பைலாத் தாளம் வந்ததையோ நான் குறை சொல்லமாட்டேன். குறை வேறு இடத்தில் இருக்கிறது. பதிவுசெய்த இசையை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, லொறியில் நின்று வாயசைப்பது பாட்டாகாது. வடமோடிக் கூத்துக்கும் தென்மோடிக் கூத்துக்கும் பேர்போன மண் இது. மத்தளமும் சல்லரியும் இங்கே தூரத்துப் பொருட்களா?

கரோல் குழுப் பிள்ளைகளே, இந்த முறை ஒரு பாட்டையாவது கூத்து மெட்டில் கட்டி, சொந்தக் குரலில் பாடிக்கொண்டு வாருங்கள்.