மீனம்பாக்கம் முதல் பரந்தூர் வரை
(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்னை விமான நிலையத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "நெய்வேலிக்கும் அதுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. நம்ம ஊரிலும் ஓர் ஓடுதளம் உண்டு, 2017-ல் உடான் திட்டப் பட்டியலில்கூடப் பெயர் வந்தது. ஆனால் நான் சொல்ல வந்த சம்பந்தம் வேறு.

1910-லேயே பல்லாவரத்தில் விமானம் பறந்துவிட்டது. சென்னையில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்ப்ஸன் கம்பெனியில் செய்வித்த விமானம் அது. ஓட்டல்காரர் விமானம் விட்டிருக்கிறார், பாருங்கள்! 1932 அக்டோபரில் டாடாவின் தபால் விமானம் வந்தது. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாடா, அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்ட்சென்ட்.

முதல் முனையம் மீனம்பாக்கம் பக்கம் இருந்தது. அது போதாமல் திரிசூலம் பக்கம் 1985-ல் காமராஜர் உள்நாட்டு முனையமும், 1989-ல் அண்ணா பன்னாட்டு முனையமும் வந்தன. முனையம் நகர்ந்தும் ஜனங்கள் வாயில் இன்னும் மீனம்பாக்கம்தான். 2023 ஏப்ரலில் புதிய ஒருங்கிணைந்த முனையமும் திறந்தாயிற்று.

கட்டடம் கட்டிக்கொண்டே போகலாம், ஓடுதளத்துக்கு எங்கே போவது? ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடும் ரயில் பாதையும், இன்னொரு பக்கம் அடையாறு, சுற்றிலும் குன்றுகளும் வீடுகளும். பெரிய ஓடுதளம் 3,658 மீட்டர். இரண்டாவது அதைக் குறுக்கே வெட்டுகிறது; ஆகவே இரண்டையும் ஒரே சமயத்தில் தாராளமாகப் பயன்படுத்த முடியாது. அந்த இரண்டாவதை நீட்ட ஆற்றின் மேலேயே பாலம் போட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலையமே தண்ணீரில் நின்று, சில நாள் மூடிக் கிடந்தது.

பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் 2008-லேயே புது நிலையம் வந்துவிட்டது. சென்னைக்கு 2022 ஆகஸ்டில்தான் பரந்தூரை அறிவித்தார்கள். ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் வேண்டும். அதில் வயலும் ஏரியும் அடக்கம். ஏகனாபுரம் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள்.

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது. ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கருப்பாக ஏதோ வந்தது, 1957-ல் நேரு சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் என்னோடு படித்த சிலரிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் ஒரு கணம் பேச்சு வராது. அந்த ஊர் சுரங்கத்துக்குள் போய்விட்டது. நாம் சைக்கிள் விட்ட வட்டங்களும் யாரோ உழுத மண்தான்.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அவசியம் வேண்டும். ஆனால் நிலத்துக்குப் பணம் கொடுத்தாச்சு என்றதோடு கணக்கு முடியுமா? ஏரி போனால் கீழ்மடைக்குத் தண்ணீர் எங்கிருந்து? வேலை யார் வீட்டுப் பிள்ளைக்கு? கூலிக்கு உழுதவனுக்குப் பட்டா ஏது, அவன் பெயர் எந்தப் பட்டியலில் வரும்? இதை நெய்வேலிக்காரன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.