மணியும் நாங்களும் கடல் தாண்டியபோது

(நம் கிளப் ஹவுஸில் நடந்த செல்லப்பிராணி வளர்ப்போர் சந்திப்பில், சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

செயலாளர் சார் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். எட்டாவது நிமிஷத்தில் கையைக் காட்டிவிடுங்கள் சார். மணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நானாக நிறுத்த மாட்டேன்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மகனோடு லண்டனில் இருக்கப் போகிறோம், ஆறு வயது லாப்ரடார் இருக்கிறது, நல்ல வீடாக இருந்தால் கொடுத்துவிடுகிறோம் என்று. படித்த அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போட்டவரை நான் குறை சொல்லவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போகவே முடியாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். முடியும். ஆனால் நான்கு மாதத்துக்கு மேல் அவகாசம் வேண்டும். அதைச் சொல்லத்தான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

என் கணவரின் வேலைக்காக நாங்கள் ஒன்பது வருஷம் இங்கிலாந்தில், போர்ட்ஸ்மவுத்தில் இருந்தோம். அது துறைமுக ஊர். மணியை அங்கே ஒரு காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம். கறுப்பு வெள்ளை, கலப்பினம், நல்ல புத்திசாலி. பட்டாசைத் தவிர அவனுக்கு எதற்கும் பயமில்லை என்று நினைத்திருந்தோம்.

ஏன் கப்பல் என்று கேட்பீர்கள். பிரிட்டனுக்குள் வரும் விமானத்தில் வீட்டு நாயை நம்மோடு உட்கார வைத்துக்கொள்ள முடியாது. சரக்காகத்தான் வர வேண்டும். அதனால் அங்கே நாய் வளர்ப்பவர்கள் விடுமுறை என்றால் நாயைக் காரில் ஏற்றி, காரைக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். டோவரிலிருந்து பிரான்ஸின் கலே போக ஒன்றரை மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து கேன் துறைமுகத்துக்குப் பகல் கப்பலில் ஆறு மணி நேரம். ஸ்பெயினின் சாந்தாந்தேருக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடலுக்கு அடியில் காரை ஏற்றிப்போகும் ரயிலும் இருக்கிறது. அதில் நாய் நம்மோடு காரிலேயே இருக்கலாம். பயந்த நாய்க்கு அதுதான் நல்லது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2022 ஜூன் கடைசியில் முதல்முறை போனோம். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டன் கொடுத்த பழைய செல்லப்பிராணி பாஸ்போர்ட் செல்லாது. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக ஓர் உடல்நலச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆங்கிலத்திலும், முதலில் இறங்கும் நாட்டின் மொழியிலும் பக்கம் பக்கமாக இருக்கும். அதை வாங்கிய பத்து நாளுக்குள் ஐரோப்பாவுக்குள் நுழைந்துவிட வேண்டும். நாங்கள் 160 பவுண்டு கொடுத்தோம். என் டிக்கெட்டைவிட மணியின் காகிதத்துக்குத்தான் அதிகம்.

அந்தக் கப்பலில் நாய் காரிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. கப்பல் கிளம்பியதும் கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். தண்ணீர் வைத்து, போர்வை விரித்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு மாடிக்குப் போனோம். அவர் காபி குடித்தார். எனக்கு இறங்கவில்லை. ஆறு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், மணி பின் சீட்டுக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கிறான். போர்வை நனைந்திருந்தது. வால் அசையவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் காரின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எஞ்சின் அதிர்வு, சங்கிலிச் சத்தம், அக்கம்பக்கத்துக் கார்களின் அலாரம், எல்லாவற்றையும் தனியாகத் தாங்கியிருக்கிறான். பட்டாசுக்குப் பயப்படும் நாயை இரும்புக் கூடத்தில் விட்டுவிட்டுப் போனது நாங்கள்தான். யாரைக் குற்றம் சொல்வது?

திரும்பி வரும்போது வேறு பாடம். பிரிட்டனுக்குள் நுழையும் நாய்க்கு நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் கையால்தான் கொடுக்க வேண்டும், அதுவும் போய்ச் சேருவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும். ஜூலை 12 சாயங்காலம் ஒரு கிராமத்து மருத்துவரிடம் கொடுத்தாயிற்று. 14ஆம் தேதி கப்பல். துறைமுகத்தில் ஸ்கேனரைக் கார் ஜன்னல் வழியாக நம்மிடமே நீட்டுவார்கள். நாம் மணியின் கழுத்தில் வைத்து மைக்ரோசிப் எண்ணைக் காட்ட வேண்டும். எண் சரியாக இருந்தது. அந்தப் பெண் சான்றிதழைப் புரட்டினார், ஒரு கட்டத்தில் விரலை வைத்தார், தலையை ஆட்டினார். தேதி இருந்தது. மருந்து கொடுத்த நேரம் எழுதவில்லை. மருத்துவர் மறந்துவிட்டார், நாங்களும் பார்க்கவில்லை.

ஜூலை 14 பிரான்ஸின் தேசிய தினம். ஊரே மூடிக்கிடந்தது. வாணவேடிக்கை வேறு. அன்று இரவு விடுதிக் குளியலறையில் மணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் வேறொரு மருத்துவரைத் தேடிப் பிடித்து, மறுபடி மாத்திரை கொடுத்து, 24 மணி நேரம் காத்திருந்து, சனிக்கிழமை ஊர் திரும்பினோம். நேரம் எழுதாத அந்த ஒரு கட்டத்துக்காக இரண்டு ராத்திரி விடுதி வாடகை.

இப்படிக் கெடுபிடி எதற்கு என்று அன்று எரிச்சலாக இருந்தது. பிறகு படித்தேன். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி வரைக்கும் அந்த நாட்டுக்குள் வந்த நாயை ஆறு மாதம் தனிமையில் அடைத்துவைப்பார்களாம். ரேபிஸ் உள்ளே வந்துவிடக் கூடாது என்ற பயம். ஆறு மாதக் கூண்டுக்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் காகிதம் என்று தெரிந்த பிறகு எனக்குக் கோபம் போய்விட்டது. அவருக்கு இன்னும் போகவில்லை.

அடுத்த வருஷம் சாந்தாந்தேர் போனோம். இந்த முறை நாயோடு தங்கும் கேபின். சில கப்பல்களில்தான் அது உண்டு, அதுவும் சில அறைகள்தான். மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். அறைக்கு வெளியே வந்தால் வாய்க்கு மஸில் கட்டாயம். அதை வீட்டிலேயே ஒரு மாதம் பழக்கினோம். மணி என் கால்மாட்டில் நிம்மதியாகத் தூங்கினான். ஒரே ஒரு சிக்கல். மண்ணிலும் புல்லிலும் போய்ப் பழகியவன், கப்பல் தளத்தில் காலைத் தூக்க மறுத்துவிட்டான்! இருபது மணி நேரம். நான் பாதி இரவு அவனோடு காற்றில் நடந்தேன். கடைசியில் ஒரு ஸ்பானியப் பாட்டியின் குட்டி நாய் போன இடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு இவனும் போனான். தளத்தில் நின்ற நாலைந்து பேர் கைதட்டினார்கள். நீங்கள் போவதானால் அவன் வாடை உள்ள ஒரு பழைய துணியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்க மாத்திரை மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள்.

2024இல் மணிக்கு இதயக் கோளாறு என்றார்கள். அந்தக் கோடையில் அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அழுதது நான் மட்டும்தான். அவன் அந்த வீட்டுச் சோபாவில் மூன்று வாரம் ராஜா மாதிரி இருந்திருக்கிறான். அந்த டிசம்பரில், அங்கேயே போய்விட்டான்.

சரி சார், கை தெரிகிறது. முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிருந்து போகும் நாய்க்கு விதி இன்னும் கடுமை. நம் நாட்டில் ரேபிஸ் இருப்பதால் ரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள். முதலில் மைக்ரோசிப். பிறகுதான் ரேபிஸ் ஊசி. வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நான்கு மாதம் என்று நான் சொன்னது இதைத்தான். கிளம்பும்போது இங்குள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்றிதழும் வேண்டும்.

லண்டனுக்கு நேராகச் சரக்கில் அனுப்ப மனம் இல்லாதவர்கள் சிலர், ஆம்ஸ்டர்டாம் வரை நாயோடு ஒரே விமானத்தில் போய், ஹூக் ஆஃப் ஹாலந்திலிருந்து ஹார்விச்சுக்குக் கப்பல் பிடிக்கிறார்கள். பெரும்பாலான கப்பல்களில் நாயோடு போகக் கார் வேண்டும். அந்தத் தடத்தில் நடந்து ஏறுபவர்களும் நாயைக் கூட்டிப் போகலாம், நாய்க் கேபினும் உண்டு. விதிகள் மாறும், டிக்கெட் போடும் முன் அந்தந்த அரசின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

அந்த வாட்ஸ்அப் செய்தி போட்டவர் இங்கே இருக்கிறாரா, தெரியவில்லை. இருந்தால், அந்த லாப்ரடாரை யாருக்கும் கொடுக்கும் முன் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அவனுடைய ஊசிக் கார்டையும் எடுத்து வாருங்கள். தேதிகளை ஒரு தாளில் எழுதித் தருகிறேன். அவனையும் கூட்டி வாருங்கள், பிஸ்கட் இருக்கிறது.