அந்திப் பொழுதும் கொல்லைக் கதவும்



சோழ வளநாட்டில் கரந்தை, கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி ஆகிய ஊர்களில் ஜினாலயங்கள் இன்றும் விளங்குகின்றன. இவ்வூர்களைச் சூழ்ந்த வயல்களும் வாய்க்கால்களும் எண்ணற்ற உயிர்களுக்கு உறைவிடம். வரப்போரப் புதரில் கானாங்கோழி குஞ்சுகளுடன் திரிகிறது. தரிசு நிலத்தில் ஆட்காட்டி வெறுந்தரையிலேயே முட்டையிடுகிறது. கொல்லைச் செடியின் இலைகளைத் தைத்துத் தையல்சிட்டு கூடமைக்கிறது. தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் வழியிலுள்ள வடுவூர் ஏரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏரிக்கு அரசின் காவல் உண்டு. வீட்டுக் கொல்லைக்கு இல்லறத்தாரே காவல்.

கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பது சமண இல்லறத்தார் போற்றும் நெறி. இருளில் சிற்றுயிர்கள் அறியாமல் மடியலாகாது என்பதே அதன் கருத்து. ஆயினும் அதே அந்திப் பொழுதில்தான் வீட்டில் வளரும் பூனை கொல்லையில் இறங்குகிறது. அந்தியும் வைகறையும் அதன் வேட்டைப் பொழுதுகள். தவளை, அரணை, பறக்கப் பழகும் குஞ்சு ஆகியன அதற்கு இரையாகின்றன. வயிறு நிறைந்திருந்தாலும் அசையும் சிற்றுயிரைக் கண்டால் பாய்வது அதன் இயல்பு. பாலும் தயிர்ச்சோறும் வைத்தால் வேட்டை நின்றுவிடும் என எண்ணுவது பிழை.

முன்னோர் இதனை அறிந்திருந்தனர். கார்த்திகேயானுப்பிரேட்சை என்னும் நூல், பூனை முதலியவற்றை வளர்த்தலைப் படைக்கலம் விற்றலோடு சேர்த்து அநர்த்த தண்டமாக எண்ணுகிறது. பிற உயிர்க்குத் துன்பம் விளையும் வாயிலை இல்லறத்தார் வீணே திறக்கலாகாது என்பது இதனால் விளங்கும்.

அவ்வாயில் திறந்ததன் விளைவை உலகம் கண்டுள்ளது. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் அமைந்த காலத்தில் மனிதரோடு பூனையும் சென்றது. சில ஆண்டுகளுக்குள் அங்கு வாழ்ந்த பறக்க இயலாத சிறு குருவியினம் அற்றுப்போயிற்று. அமெரிக்காவில் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகள் பூனைகளால் மடிவதாக 2013இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

எனினும் பூனையின்பால் குற்றமில்லை. அதுவும் ஐம்பொறி உயிரே. ஊனுண்பது அதன் உடலமைப்பு. ஊனில் உள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். சோறு மட்டும் ஊட்டி அதனை நலியச் செய்வதும் இம்சை. ஊன் வாங்கி ஊட்டுவது விரதத்திற்கு முரண். ஆதலின் புதிதாகப் பூனை வளர்க்க விழைவோர் இம்முரணை முன்னரே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தீர்வு காண இயலாதெனின் ஏற்காதிருத்தலே நன்று. நெற்குதிருக்கு எலி வருமே என்பார், குதிரின் துளைகளை அடைத்து, எலியுண்ணும் கூகையை விரட்டாதிருந்தால் போதும்.

முன்பே பூனை உள்ள இல்லத்தார்க்குக் கடமைகள் சில உண்டு. அதனை வீட்டினுள்ளேயே வைத்துக் காத்தல் முதற்கடமை. அடைத்து வைத்தல் கொடுமையன்றோ எனச் சிலர் வினவலாம். தெருவில் வாகனமும் நாயும் நோயும் காத்திருப்பதால் இக்காவல் பூனைக்கும் நன்மையே. நாள்தோறும் ஐந்து பத்து நிமிடம் அதனோடு விளையாடினால், அது வீட்டிற்குக் கொணரும் இரை ஏறத்தாழக் கால்பங்கு குறைவதாக 2021இல் இங்கிலாந்து ஆய்வொன்று கண்டது. டாரின் செயற்கையாகவும் ஆக்கப்படுவதால், அது சேர்ந்த உணவு பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிதல் நலம். பிறந்து ஆறு திங்கள் நிறையுமுன் கருத்தடை செய்தலும் வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே உள்ளது.

குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊர்ப்புறத்திலும் கோயில் வாயிலிலும் விட்டு வருவது கருணையாகாது. பசியால் வருந்துமாறு விலங்கைக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். அவ்வாறு விடப்பட்டவை பசியால் மேலும் பல உயிர்களைக் கொல்லும், தாமும் மடியும்.

அந்தியில் உணவுக் கலத்தை மூடும் கை, அப்பொழுதே கொல்லைக் கதவையும் மூடுமாயின், வீட்டுப் பூனையும் வரப்புக் கானாங்கோழியும் ஒருங்கே வாழும்.

அறம் வளர்க.