வலைத்தளத்துக்கு வாடகை இடம்

(செங்கல்பட்டில் தோழர்களிடையே பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். சாதியையும் சடங்கையும் பற்றிப் பேசுகிறவர்கள், கம்ப்யூட்டரில் இடம் வாடகைக்குப் பிடிப்பதைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் சிற்பியும், கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்றுக் கொடுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளையும், இந்த ஊரில் தையற்கடை வைத்திருக்கும் பெண்ணும் தங்கள் தொழிலை வெளியூரார் அறிய ஒரு வலைத்தளம் வேண்டுமென்று விரும்புகிறார்கள். விரும்பின உடனே நடுவில் ஒரு தரகர் வந்து உட்கார்ந்து கொள்ளுகிறார். தரகர் உட்காருகிற இடத்தில் நமக்கும் வேலை இருக்கிறது.

மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரின் லாபம் செதுக்கினவனுக்கு வர வேண்டுமானால், வாங்குகிறவன் நேரே அவனைத் தேடி வர வழி வேண்டாமா? "பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இருக்கின்றனவே, போதாதா?" என்பார்கள். இருக்கட்டும், வைத்துக் கொள்ளுங்கள். ஆனால் அவை பிறத்தியான் வீட்டுத் திண்ணை. 2021 அக்டோபர் 4 ஆம் தேதி அவ்விரண்டும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்று போயின. அதற்கும் முன்னே ஜியோசிட்டீஸ் என்று ஒன்று இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் அதில் இனாமாக இடம் வாங்கித் தங்கள் பக்கங்களை எழுதி வைத்தார்கள். அதை விலைக்கு வாங்கியிருந்த யாஹூ கம்பெனி, 2009 இல் ஜப்பான் தவிர மற்ற இடங்களுக்கு அதை மூடிவிட்டது. எழுதினவர்களால் என்ன செய்ய முடிந்தது? திண்ணைக்குச் சொந்தக்காரன் எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டியதுதானே!

சரி, விஷயத்துக்கு வருவோம். வலைத்தளம் வைக்க இரண்டு பொருள் வேண்டும். ஒன்று பெயர், அதை டொமைன் என்கிறார்கள். மற்றொன்று, படங்களையும் எழுத்துக்களையும் வைத்திருந்து, கேட்கிறவர்களுக்கு எந்நேரமும் எடுத்துக் கொடுக்கும் சர்வர் என்ற கம்ப்யூட்டரில் இடம்; அதை ஹோஸ்டிங் என்கிறார்கள். பெயர் என்பது கடை வாசலில் மாட்டும் பலகை. ஹோஸ்டிங் என்பது கடை வைக்கும் கட்டடம். கட்டடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொண்டு, பலகையைக் கழற்றிப் புதுக் கட்டடத்தில் மாட்டிவிடலாம். வருகிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. பலகையே பிறர் கையில் இருந்தால் கதை வேறு. அதைப் பிறகு சொல்லுகிறோம்.

ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே வாசல், பல குடும்பங்கள். ஆகையால் வாடகை குறைவு. பக்கத்துக் குடித்தனக்காரன் வீட்டில் கல்யாணம் என்றால் கிணற்றில் நமக்குத் தண்ணீர் குறையும். அதாவது அவனுடைய தளத்துக்குக் கூட்டம் கூடினால் நம்முடைய தளம் மெதுவாகத் திறக்கும். அவன் ஊரெல்லாம் குப்பைக் கடிதம் அனுப்பினால், அந்த சர்வரிலிருந்து போகும் நமது ஈமெயிலையும் பிறர் குப்பை என்று ஒதுக்கக்கூடும். தனித் தண்ணீர்க் குழாயுடன் தடுத்துக் கொடுத்த பகுதிக்கு விபிஎஸ் என்று பெயர். தனி வீடாகவே எடுப்பதும் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவனுக்கு ஒண்டுக்குடித்தனமே போதும். போதாது என்று சொல்லுகிறவர் பெரும்பாலும் விற்கிறவராகவே இருக்கிறார்.

இனி அந்த "அன்லிமிடெட்" என்னும் மந்திரத்தைப் பார்ப்போம். அளவில்லாத இடமாம், அளவில்லாத போக்குவரத்தாம்! இதுவரை அளவில்லாதது என்று கடவுளைத்தான் சொல்லி வந்தார்கள். இப்போது மாத வாடகைக்கே கிடைக்கிறதாம். தோழர்களே, சர்வர் என்பது இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு யந்திரம். அதற்கு அளவு உண்டு. அந்த அளவு விளம்பரத்தில் இராது. ஒப்பந்தத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இத்தனை பைல்களுக்கு மேல் வைக்கக்கூடாது, யந்திரத்தின் சக்தியில் இவ்வளவுக்கு மேல் உபயோகிக்கக்கூடாது, "நியாயமான உபயோகம்" மீறினால் நிறுத்தி விடுவோம் என்று இருக்கும். புரியாத பாஷையில் புரோகிதர் சொல்லுவதற்கெல்லாம் தலையாட்டித் தட்சிணை கொடுத்தோமே, அதே தலையாட்டலை இங்கேயும் ஏன் செய்ய வேண்டும்?

நாமே கணக்குப் போடுவோம். ஒரு சிற்பி 40 சிலைகளின் படங்களை வைக்கிறார் என்று கொள்ளுங்கள். செல்போனில் எடுத்தபடியே ஏற்றினால் ஒவ்வொன்றும் நாலைந்து எம்.பி. இருக்கும், பார்க்கிறவனுக்கு அவ்வளவு தேவையில்லை. சுருக்கி 200 கே.பி. ஆக்கினால் 40 படமும் சேர்ந்து 8 எம்.பி. தான். தளத்தை நடத்தும் வேர்ட்பிரஸ் முதலிய சாமான்களையும் சேர்த்தாலும் ஒரு ஜி.பி.க்குள் தாராளமாக அடங்கும். நாள் ஒன்றுக்கு 100 பேர் வந்து, ஆளுக்கு 10 படம் பார்த்தால் 200 எம்.பி.; மாதத்துக்கு 6 ஜி.பி. இவ்வளவுதான் தேவை. கடையில் உள்ள ஆகச் சிறிய திட்டமே இதைத் தாங்கும். 100 ஜி.பி. இடத்தை வாங்கி ஒரு மூலையில் 8 எம்.பி.யைப் போட்டு வைப்பது, ஒரு மூட்டை அரிசிக்கு ஒரு கப்பலை வாடகைக்குப் பிடிப்பது போலாகும்.

விலை விஷயத்திலும் இப்படியே. பெரிய எழுத்தில் போடும் மாத விலை, அநேகமாக மூன்று நான்கு வருஷத்துப் பணத்தை முன்னாலேயே கட்டினால்தான். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. தவணை முடிந்து புதுப்பிக்கும்போது கேட்கும் விலை இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ இருக்கும். ஆகவே "என்ன விலை?" என்று கேட்காதீர்கள், "புதுப்பிக்க என்ன விலை?" என்று கேளுங்கள். முதல் தடவை ஒரு வருஷத்துக்கு மட்டும் கட்டினால் போதும். பணம் கட்டுமுன் அவர்களுக்கு ஒரு கேள்வி எழுதிப் பாருங்கள். வாங்குவதற்கு முன்பே பதில் சொல்லாதவன் வாங்கின பிறகு சொல்லுவானா? பூட்டுச் சின்னத்துக்கான எஸ்எஸ்எல் சான்றுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற ஸ்தாபனம் அதைப் பல வருஷங்களாக இனாமாகவே கொடுத்து வருகிறது.

சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்றும் கேட்கலாம். அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொரு கேள்வியும் போய்த் திரும்பச் சுமார் கால் விநாடி ஆகும். நம் நாட்டார்தான் வாடிக்கைக்காரர் என்றால் மும்பையிலோ சென்னையிலோ இருப்பது நல்லது.

இப்போது பலகையின் கதை. தரகர், "எல்லாம் நானே பார்த்துக் கொள்ளுகிறேன்" என்கிறார். பார்த்தும் கொள்ளுகிறார், டொமைனைத் தம்முடைய பெயரில், தம்முடைய ஈமெயிலில் பதிவு செய்து கொள்ளுகிறார். இரண்டு வருஷம் கழித்து, அந்தப் பெயர் நாலு பேருக்குத் தெரிந்த பிறகு, அவர் கேட்ட தொகையைக் கொடுக்க வேண்டும், இல்லையேல் பெயரை இழக்க வேண்டும். கல்லைச் செதுக்கினவன் ஒருவன், பெயருக்குச் சொந்தக்காரன் வேறொருவன் என்பது நமக்குப் புதிதல்லவே! ஆதலால் பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும். கணக்கு உங்கள் ஈமெயிலில், உங்கள் பாஸ்வேர்டில் திறக்கட்டும். வேலை செய்தவருக்குக் கூலி கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள். பெயர் தமிழிலேயே வேண்டுமென்றால் ".இந்தியா" என்று முடியும் பெயரும் பதியலாம். எழுத்தைக் கூட்டி எண் கணிதம் பார்க்கும் ஆசாமியிடம் மட்டும் போகாதீர்கள். அவர் சொல்லும் கூடுதல் எழுத்தினால், தேடுகிறவன் வேறு கடைக்குப் போய்ச் சேருவான்.

இன்னொன்று, நகல். 2021 மார்ச் 10 ஆம் தேதி பிரான்சு நாட்டு ஸ்டிராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற பெரிய கம்பெனியின் சர்வர் கட்டடம் ஒன்று எரிந்து போயிற்று. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் மறுபடியும் தளத்தை நிறுத்தினார்கள். நகலையும் அங்கேயே விட்டு வைத்தவர்களில் பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஹோஸ்டிங் கம்பெனி தினமும் நகல் எடுப்பதாகச் சொன்னாலும், மாதம் ஒரு தடவை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ ஒரு நகலை இறக்கி வைத்துக் கொள்ளுங்கள். கட்டடத்தை மாற்றும்போதும் அதுதான் உதவும்.

டொமைன் புதுப்பிக்கும் தேதியை வீட்டுச் சுவரிலுள்ள காலண்டரில், ஒரு மாதம் முந்தியே எழுதி வைத்து விடுங்கள். அந்தக் காலண்டரில் அன்றைக்கு ராகுகாலம், எமகண்டம் என்று ஏதேதோ அச்சிட்டிருப்பார்கள். அந்த நேரத்திலும் பணம் கட்டினால் வாங்கிக் கொள்ளுகிறார்கள்.